டிஸ்லெக்சியாவோடு ஆராய்ச்சியும் படைப்பும்: கல்லூரியிலிருந்து வேலை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வகுப்பில் கேள்வி கேட்டால் முதலில் கை தூக்குவது அவராகத்தான் இருக்கும். செமினாரில் குறிப்பே இல்லாமல் தெளிவாகப் பேசுவார். அதையே நான்கு பக்கம் எழுதித் தரச் சொன்னால் வாரக்கணக்கில் இழுக்கும். வந்த பக்கங்களிலும் ஒற்றுகள் விடுபட்டிருக்கும், ணகர னகரம் இடம் மாறியிருக்கும். நினைவாற்றலை நம்பியும், விடுதி நண்பர்கள் சத்தமாகப் படிப்பதைக் கேட்டும் முதுகலை வரை வந்துவிடுவார். பிஎச்.டி. சேர்ந்ததும் மேசையில் கட்டுரைகள் குவியும். அங்கே நின்றுவிடுவார்.

இந்த வழிகாட்டி அவரைப் போல டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதிலும் எழுத்துக்கூட்டுவதிலும் சிரமம், உள்ளவர்களுக்காக. எனக்கும் டிஸ்லெக்சியா உண்டு. கல்லூரியில் பாடம் நடத்துகிறேன், எழுதவும் செய்கிறேன். நான் வலியுறுத்துவது ஒன்றைத்தான். வாசிப்பு வேகத்தில் மற்றவர்களை எட்டிப் பிடிக்க இளமையின் நல்ல ஆண்டுகளைச் செலவழிக்காதீர்கள். கண்ணின் மேல் விழும் வேலையைக் காதுக்கும் வாய்க்கும் பிரித்துக் கொடுங்கள். அதற்கு வேண்டிய நேரத்தையும் வசதியையும் உரிமையோடு கேட்டு வாங்குங்கள்.

நமக்குள் நடப்பது என்ன

டிஸ்லெக்சியா பார்வைக் கோளாறு அல்ல, அறிவுக் குறைவும் அல்ல. எழுத்தைப் பார்த்ததும் அதன் ஒலி தானாக மனதில் எழ வேண்டும். நமக்கு அந்த இணைப்பு மெதுவாக வேலை செய்கிறது. 1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார். பையன் கெட்டிக்காரன், கணக்கு நன்றாக வரும், வாசிப்பு மட்டும் வரவில்லை. பாடமெல்லாம் வாய்மொழியாகவே இருந்திருந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதல் ஆளாக இருந்திருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். நூற்று இருபத்தைந்து ஆண்டுகளைத் தாண்டியும் நம் கல்லூரிகளில் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. ஆங்கிலத்தை ஒப்பிட்டால் தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு சீரானது. அதனால் தமிழில் தட்டுத் தடுமாறியாவது சரியாகப் படித்துவிடுவோம். குறை வேகத்தில்தான் தெரியும். ‘மெதுவான பையன்’ என்பதோடு ஆசிரியர்களும் விட்டுவிடுவார்கள். இத்தாலிய மொழியிலும் இப்படித்தான். ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலியன் பேசும் டிஸ்லெக்சியா உள்ளவர்களை ஒப்பிட்டு 2001-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இத்தாலியர்கள் மற்ற இருவரையும்விட நன்றாக வாசித்தார்கள். ஆனால் வாசிக்கும்போது மூளையில் தெரிந்த வேறுபாடு மூவருக்கும் ஒன்றாகவே இருந்தது. ஆகவே, தமிழில் படிக்க வருகிறது, ஆங்கிலம் மட்டும் வரவில்லை என்றால் உடனே ‘இங்கிலீஷ் வீக்’ என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

தமிழ் எழுத்துமுறையிலும் இடறும் இடங்கள் இருக்கின்றன. ‘கொ’ என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, ஒலியோ ககரத்தில்தான் தொடங்குகிறது. ககரம் ஒன்றே ‘கல்’லில் ஒருவிதமாகவும் ‘தங்க’த்தில் வேறுவிதமாகவும் ‘அக’த்தில் இன்னொரு விதமாகவும் ஒலிக்கிறது. ல, ள, ழ வேறுபாடு பலருடைய பேச்சிலேயே இல்லை. போதாததற்கு, ‘எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்காகத்தான்’ என்பது போல நீண்டுகொண்டே போகும் சொற்கள். இவற்றில் எங்கே தடுக்கி நிற்கிறீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மதிப்பீட்டுக்குப் போகும்போது அந்த நோட்டு உதவும்.

முதல் படி: மதிப்பீடும் சான்றிதழும்

முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு உளவியல் மதிப்பீடு. இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரிடம் போங்கள். இந்தியாவில் பெரும்பாலும் அறிவுத்திறன் தேர்வும், பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் உருவாக்கிய கற்றல் குறைபாட்டுத் தேர்வுத் தொகுதியும் பயன்படுகின்றன. நிம்ஹான்ஸ் தொகுதி சிறுவர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. இருபத்தைந்து வயதுக்காரர் அதில் உட்கார்ந்தால், இத்தனை ஆண்டுகளில் தானாகப் பழகிக்கொண்ட தந்திரங்களால் ஓரளவு தேறிவிடுவார், குறை மறைந்துபோகும். அதனால் பழைய ஆதாரங்களைத் திரட்டிக்கொண்டு போங்கள்: பள்ளி ரேங்க் கார்டுகள், ஆசிரியர் சிவப்பு மையில் எழுதிய குறிப்புகள், கிடைத்தால் பழைய விடைத்தாள்கள். சின்ன வயதில் நீங்கள் எப்படிப் படித்தீர்கள் என்று அம்மாவோ அக்காவோ சொல்வதும் மதிப்பீட்டில் சேரும். ‘சரியாகப் படிக்கிறேனா என்று மட்டும் பார்க்காமல், எவ்வளவு நேரத்தில் படிக்கிறேன் என்றும் பாருங்கள்’ என்று உளவியலாளரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள், 1990-களின் தொடக்கத்திலிருந்து சென்னையில் இயங்கிவரும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷனை அணுகி விசாரிக்கலாம்.

தனியார் உளவியலாளர் தரும் அறிக்கை வேறு, அரசு தரும் சான்றிதழ் வேறு. அறிக்கை உங்களை நீங்களே புரிந்துகொள்ள உதவும். தேர்வு, இட ஒதுக்கீடு, உதவித்தொகை எல்லாவற்றுக்கும் அரசுச் சான்றிதழ்தான் வேண்டும். யுடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழு முன் போக வேண்டும். வழி தெரியாவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் சொல்வார்கள். பள்ளி வயதில் வாங்கிய சான்றிதழை 14 வயதிலும் 18 வயதிலும் புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. 18-இல் வாங்கியது வாழ்நாள் முழுவதும் செல்லும்.

‘மாற்றுத்திறனாளி என்று பெயர் வாங்க வேண்டுமா?’ என்று பலர் தயங்குகிறார்கள். வீட்டில் கல்யாணப் பேச்சு எழும் வயது என்றால் தயக்கம் இன்னும் கூடும். என் கருத்து இதுதான்: சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். யாரிடம் காட்டுவது, எப்போது காட்டுவது என்பது உங்கள் கையில் இருக்கட்டும். தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஓடினால் கிடைக்காது.

இரண்டாம் படி: உரிமையைத் தெரிந்துகொண்டு எழுத்தில் கேளுங்கள்

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு அவற்றில் ஒன்று. டிஸ்லெக்சியா அதற்குள் வரும். சான்றிதழில் குறைபாட்டின் அளவு 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் அரசு உயர்கல்வி நிறுவனங்களிலும் அரசு உதவி பெறும் நிறுவனங்களிலும் மாற்றுத்திறனாளிகளுக்கான 5 சதவீத இட ஒதுக்கீட்டில் சேரலாம். எழுத்துத் தேர்வுகளில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. மூன்று மணி நேரத் தேர்வு என்றால் நான்கு மணி நேரம். ஸ்க்ரைப், அதாவது நாம் சொல்லச் சொல்ல விடை எழுதும் ஆள், வைத்துக்கொள்ளலாம்.

40 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் கதவு அடைபடவில்லை. எழுதுவதில் சிரமம் உள்ள ஒருவர் குடிமைப் பணித் தேர்வில் ஸ்க்ரைப் கேட்டுத் தொடுத்த வழக்கில், 40 சதவீதம் என்ற வரம்பைக் காட்டி அதை மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து 2022 ஆகஸ்டில் மத்திய அரசு தனி வழிகாட்டுதலும் வெளியிட்டது. ‘உங்களுக்கு முப்பது சதவீதம்தான், கிடைக்காது’ என்று யாராவது சொன்னால் இந்தத் தீர்ப்பையும் இப்போது நடப்பில் உள்ள வழிகாட்டுதலையும் சுட்டிக்காட்டி மனு எழுதுங்கள்.

பிஎச்.டி. செய்பவர்கள் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளைப் படித்து, அல்லது யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டு, வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக ஆறு ஆண்டு, மறுபதிவோடு இன்னும் இரண்டு ஆண்டு. 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடு உள்ளவர்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டு; மொத்தம் பத்தைத் தாண்டக் கூடாது. சேர்க்கைக்கான மதிப்பெண்ணிலும் 5 சதவீதத் தளர்வு உண்டு.

கேட்கும் முறைதான் முக்கியம். துறை அலுவலகத்தில் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வந்தால், தேர்வு நாளன்று யாருக்கும் நினைவிருக்காது. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதி, துறைத் தலைவர் வழியாக அனுப்பி, நகலில் முத்திரையோடு பெறுகை வாங்குங்கள். கூடுதல் நேரம், தனி அறை, வினாத்தாளைப் படித்துக்காட்ட ஆள், ஸ்க்ரைப் என்று உங்களுக்கு வேண்டியதை ஒவ்வொன்றாகக் குறிப்பிடுங்கள். பருவத்தின் முதல் மாதத்திலேயே அனுப்பிவிடுங்கள்.

ஸ்க்ரைப் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று இருக்கக் கூடாது. வாயால் விடை சொல்லி இன்னொருவர் கையால் எழுத வைப்பது தனித் திறமை. ஒரு வாக்கியத்தை முழுதாக மனதில் கட்டிச் சொல்ல வேண்டும், அவர் எழுதும் வேகத்துக்குப் பொறுத்திருக்க வேண்டும், எங்கே பத்தி பிரிப்பது என்று சொல்ல வேண்டும். வீட்டில் தம்பியையோ தோழியையோ உட்கார வைத்துப் பழைய வினாத்தாள்களில் பழகுங்கள். நடுவே ‘இதுவரை எழுதியதைப் படியுங்கள்’ என்று கேட்கவும் கூச்சப்படாதீர்கள். ஸ்க்ரைப்பின் கல்வித் தகுதி எப்படி இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தேர்வு அறிவிக்கையிலும் விதி இருக்கும்; அதைப் பார்த்துவிட்டு ஆளைத் தேடுங்கள்.

வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரிட்டனில் சமத்துவச் சட்டம் 2010-இன் கீழ் பல்கலைக்கழகங்கள் நியாயமான ஏற்பாடுகளைச் செய்து தர வேண்டும். இது வெளிநாட்டு மாணவருக்கும் பொருந்தும். ஆனால் அங்கே அரசு தரும் மாணவர் உதவித்தொகை வெளிநாட்டு மாணவர்களுக்குக் கிடையாது. ஆகவே மதிப்பீட்டு அறிக்கையின் ஆங்கிலப் பிரதியை ஊரிலிருந்தே எடுத்துக்கொண்டு போங்கள்.

மூன்றாம் படி: வாசிப்பைக் காதுக்கு மாற்றுதல்

காதால் படிப்பது குறுக்குவழி என்று யாரும் உங்களை நம்ப வைத்துவிட வேண்டாம். பொருள் உள்ளே போவதுதான் படிப்பு.

கணினியில் எட்ஜ் பிரவுசரில் பிடிஎஃப் கோப்பையோ இணையப் பக்கத்தையோ திறந்தால் உரக்கப் படிக்கும் வசதி இருக்கிறது. ‘பல்லவி’, ‘வள்ளுவர்’ என்று இந்தியத் தமிழ்க் குரல்கள் இரண்டு. இலங்கை, சிங்கப்பூர், மலேசியத் தமிழுக்கும் தனித்தனிக் குரல்கள் உண்டு. ஆண்ட்ராய்டு போனிலும் ஐபோனிலும் திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் அமைப்பு, அணுகல்தன்மைப் பகுதியில் இருக்கும். முதலில் மெதுவான வேகத்தில், கண்ணும் வரியைத் தொடர்ந்துகொண்டே வரக் கேளுங்கள். பழகப் பழக வேகத்தைக் கூட்டலாம். காதும் கண்ணும் சேர்ந்து போகும்போது சொல்லின் வடிவமும் மெல்ல மனதில் பதியும்.

தமிழில் ஆய்வு செய்கிறவர்களுக்கு இங்கே ஒரு பெரிய தடை வரும். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக் குறியீடு பரவுவதற்கு முன் தட்டச்சான ஏராளமான தமிழ்க் கோப்புகள் பாமினி, டாப், டாம் போன்ற பழைய எழுத்துருக் குறியீடுகளில் இருக்கின்றன. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். குரலுக்குக் கொடுத்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக ஒலிக்கும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றிகளில் போட்டு யூனிகோடாக்கிக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்த பழைய நூல் என்றால் கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸாகத் திறந்தால் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும். நல்ல அச்சு என்றால் ஓரளவு சுத்தமாகவே வரும். 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை வெளியிட்டதற்கு முன் அச்சான நூல்களில் லை, னை, ணை, ளை, றா, னா போன்றவை பழைய வடிவத்தில் இருக்கும். அங்கே கணினியும் தடுமாறும், நாமும் தடுமாறுவோம். அந்தப் பழைய வடிவங்களை ஓர் அட்டையில் பெரிதாக எழுதி மேசையில் ஒட்டிவைத்தால் பாதித் தொல்லை தீரும்.

சங்க இலக்கியம் படிப்பவர்களுக்கு முக்கியமான ஒன்று. சந்தி பிரிக்காமல் அச்சிட்ட பாடல் நம்மைப் போன்றவர்களை அப்படியே நிறுத்திவிடும். 1950-களில் மர்ரே எஸ். ராஜம் சந்தி பிரித்து, மலிவு விலையில் பழைய இலக்கியங்களைப் பதிப்பித்தார். பொது வாசகருக்காகச் செய்த அந்த வேலை நமக்கு எவ்வளவு பெரிய கொடை என்பதை நினைக்கும்போதெல்லாம் நெகிழ்ந்துபோவேன். சந்தி பிரித்த பதிப்பில் தொடங்கி, பாடல் காதில் பழகிய பிறகு மூலப் பதிப்புக்கு வாருங்கள். பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் யூனிகோடில் இருப்பதால் அவற்றைக் குரலுக்கு நேரடியாகக் கொடுக்கலாம்.

நூல் அச்சில் மட்டுமே இருந்தால்? 2012-இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிக்க ஏதுவான வடிவத்துக்கு நூல்களை மாற்ற இடம் தருகிறது. அச்சில் படிக்க இயலாதவர்களுக்காக நூல்களைப் பகிர வழி செய்யும் மராகேஷ் உடன்படிக்கை 2013-இல் உருவானது. அதை முதலில் உறுதி செய்த நாடு இந்தியா. 2016-இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்திலும் புக்‌ஷேர் என்ற பன்னாட்டு நூலகத்திலும் டிஸ்லெக்சியா உள்ளவர்கள் உறுப்பினராகலாம். இவை பார்வையற்றவர்களுக்கு மட்டும் என்று நினைத்துப் பலர் அந்தப் பக்கமே போவதில்லை.

எழுத்துரு விஷயத்தில் ஏமாறாதீர்கள். டிஸ்லெக்சியாவுக்கென்றே வடிவமைத்ததாக விளம்பரம் செய்யப்படும் எழுத்துருக்கள் வாசிப்பை வேகப்படுத்துவதாக ஆய்வுகளில் தெளிவாக நிறுவப்படவில்லை. பக்கத்தின் மேல் வைக்கும் வண்ணத் தாளும் அப்படியே. அவற்றுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டினால் டிஸ்லெக்சியா உள்ள குழந்தைகள் மேலும் விரைவாகவும் பிழை குறைவாகவும் படித்தார்கள் என்று 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஒரு வரியில் சில சொற்கள் மட்டும் வரும்படி சின்னத் திரையில் படிப்பதும் சிலருக்கு நன்றாக உதவுகிறது. செலவில்லாத இந்த இரண்டையும் முயன்று பாருங்கள்.

அப்புறம், எதைப் படிப்பது, எந்த வரிசையில் படிப்பது என்பது. ஒரு ஆய்வுக் கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கும் பழக்கத்தை விடுங்கள். சுருக்கம், பிறகு படங்களும் அட்டவணைகளும், பிறகு முடிவுரை. அங்கே நின்று, ‘இது என் ஆய்வுக்கு வேண்டுமா?’ என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் ஒரு வரியில் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். வேண்டும் என்றால் மட்டும் முழுதும் கேளுங்கள். கேட்டு முடித்த கையோடு போனில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். கட்டுரை என்ன சொல்கிறது, நான் எங்கே உடன்படவில்லை, எந்தப் பக்கத்தை மேற்கோள் காட்டுவேன். பின்னால் இலக்கிய மதிப்பாய்வு எழுதும்போது இந்தப் பதிவுகள்தான் கைகொடுக்கும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கட்டுரையைச் சுருக்கித் தரச் சொல்லும் ஆசை இப்போது எல்லோருக்கும் உண்டு. எதை முதலில் படிப்பது என்று வரிசைப்படுத்த வைத்துக்கொள்ளுங்கள். அது சொன்னதை மட்டும் வைத்து மேற்கோள் காட்டாதீர்கள். இல்லாததை இருப்பதாகச் சொல்லும் பழக்கம் அதற்கு உண்டு. மூலத்தைச் சரிபார்க்க நமக்கு ஆகும் நேரமும் அதிகம்.

நான்காம் படி: எழுதுவதற்கு முன் பேசுங்கள்

யோசிப்பதையும் எழுத்துக்கூட்டுவதையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள். ‘நிலைமை’க்கு எந்த லை என்று யோசிக்கும் நொடியில் கையிலிருந்த கருத்து போய்விடும். முதல் வரைவைப் பேசுங்கள். போனில் உள்ள ஜிபோர்டு விசைப்பலகையிலும் கூகுள் டாக்ஸிலும் தமிழ்க் குரல் தட்டச்சு இருக்கிறது. ஒரு சிக்கல்: நாம் பேசுவது பேச்சுத் தமிழ், ஆய்வேடு கேட்பது எழுத்துத் தமிழ். எழுத்துத் தமிழிலேயே பேச முயன்றால் மேடைப் பேச்சு போல விறைத்துவிடும். அதனால் முதலில் நண்பரிடம் விளக்குவது போல இயல்பாகப் பேசிப் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவைக் கேட்டுக்கொண்டே, வாக்கியம் வாக்கியமாக எழுத்துத் தமிழில் திரும்பச் சொல்லுங்கள். இந்த இரண்டாம் சுற்றைத்தான் குரல் தட்டச்சு பதிய வேண்டும்.

அத்தியாயத்தின் அமைப்பைத் திரையில் தேடாதீர்கள். ஒரு கருத்துக்கு ஓர் அட்டை என்று எழுதி, அல்லது படம் வரைந்து, சுவரிலோ தரையிலோ பரப்பி நகர்த்திப் பாருங்கள். எது எதற்குப் பின்னால் வர வேண்டும் என்பது நின்று பார்த்தால் தெரிந்துவிடும்.

வரைவு முடிந்த பிறகுதான் பிழைகளைத் தொட வேண்டும். நீச்சல்காரன் உருவாக்கிய ‘வாணி’ எழுத்துப் பிழைகளையும் ‘நாவி’ சந்திப் பிழைகளையும் சுட்டிக்காட்டும். இரண்டும் இணையத்தில் கிடைக்கின்றன. அடுத்து, முழு அத்தியாயத்தையும் கணினிக் குரலில் கேளுங்கள். விட்டுப்போன சொல், இரண்டு முறை வந்த சொல், முடியாமல் தொங்கும் வாக்கியம் எல்லாம் கண்ணுக்குத் தப்பினாலும் காதில் உடனே இடறும். மேற்கோள் பட்டியலைக் கையால் தட்டச்சு செய்யவே செய்யாதீர்கள். ஆண்டும் பக்க எண்ணும் இடம் மாறுவது நமக்குச் சகஜம். மேற்கோள்களைத் தொகுத்துத் தரும் ஜோடெரோ மென்பொருளிடம் விட்டுவிடுங்கள், இலவசம்தான்.

கடைசியாக, மனிதக் கண். பணம் கொடுத்துப் பிழை திருத்துநரிடம் கொடுங்கள். கருத்து உங்களுடையது, வாதம் உங்களுடையது, ஒற்று மட்டும் அவர் போட்டது. நன்றியுரையில் அவர் பெயரைக் குறிப்பிடுங்கள். இதில் ஒளிக்க எதுவும் இல்லை.

ஐந்தாம் படி: கைடையும் தலைப்பையும் தேர்ந்தெடுத்தல்

நல்ல கைடு கிடைப்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. பெயர் பெற்றவரா என்று பார்ப்பதற்கு முன், அவரிடம் ஏற்கெனவே ஆய்வு செய்கிற மாணவர்களிடம் பேசுங்கள். திருத்தங்களைத் தாளில் கிறுக்கித் தருவாரா, உட்கார வைத்துப் பேசுவாரா? அத்தியாயத்தில் எழுத்துப் பிழையைப் பார்த்ததும் தூக்கி எறிகிறவரா, வாதத்தைப் பார்க்கிறவரா? பேசித் திருத்துபவரைத் தேடிப் போங்கள்.

அவரிடம் சொல்லும்போது அழுது சொல்ல வேண்டாம், வேலை சார்ந்து சொல்லுங்கள். இப்படித் தொடங்கலாம்: “சார், எனக்கு டிஸ்லெக்சியா இருக்கு. படிக்க மத்தவங்களவிட நேரம் ஆகும். நீங்க சொல்ற திருத்தத்தை போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கலாமா? முதல் வரைவுல பிழை இருக்கும், அதை நான் கடைசியில சரி பண்ணிடுவேன். இப்போ வாதம் சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க.” பெரும்பாலான கைடுகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியாததுதான் பிரச்சினை. தெளிவாகச் சொன்னால் செய்கிறவர்களே அதிகம்.

தலைப்பை உங்கள் பலத்தின் பக்கம் சாய்த்து எடுங்கள். ஐந்நூறு பழைய நூல்களைப் படித்தாக வேண்டிய தலைப்பும், ஐம்பது பேரைச் சந்தித்துக் கேட்டுப் பதிவு செய்யும் வாய்மொழி வரலாற்றுத் தலைப்பும் தகுதியில் ஒன்றுதான். கோயில் சிற்பம், நிகழ்த்துகலை, களப்பணி, ஆய்வகம், வரைபடம் என்று கண்டும் கேட்டும் தொட்டும் அறியும் துறைகள் எத்தனையோ. டைனோசர் ஆராய்ச்சியில் பெயர் பெற்ற ஜாக் ஹார்னருக்கும் டிஸ்லெக்சியா உண்டு; அவர் இளங்கலைப் பட்டமே முடிக்கவில்லை. நிலத்தைப் பார்த்துப் புதைபடிவம் எங்கே இருக்கும் என்று கண்டுபிடிக்கும் கண் அவருக்கு இருந்தது. கரோல் கிரைடர் சிறுமியாக இருந்தபோது எழுத்துக்கூட்டலுக்காகச் சிறப்பு வகுப்புக்கு அனுப்பப்பட்டவர். நுழைவுத் தேர்வு மதிப்பெண் குறைவு என்பதால் விண்ணப்பித்த இடங்களில் பெரும்பாலானவை அவரை ஒதுக்கின. அழைத்த மிகச் சிலவற்றில் ஒன்றான பெர்க்லியில் சேர்ந்து, 1984-இல் டெலோமரேஸ் என்ற நொதியைத் தன் ஆசிரியை எலிசபெத் பிளாக்பர்னோடு கண்டறிந்தார். 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது. 2017-இல் வேதியியல் நோபல் பெற்ற ஷாக் டூபோஷே, தன் சுவிஸ் மாகாணத்தில் டிஸ்லெக்சியா உள்ளவர் என்று முதன்முதலில் அதிகாரப்பூர்வமாகப் பதிவானவர் தானே என்று தன் தன்விவரக் குறிப்பிலேயே எழுதிவைத்திருக்கிறார்.

இவர்களைச் சொல்வது, டிஸ்லெக்சியா இருந்தால் மேதையாகிவிடலாம் என்று ஆசை காட்டுவதற்கல்ல. அப்படி ஒரு பேச்சு உலவுகிறது. ஆய்வுகள் அதை உறுதியாகத் தாங்கவில்லை, அது நம் பிள்ளைகள் மேல் இன்னொரு சுமையையும் ஏற்றுகிறது. நுழைவுத் தேர்வு ஒருவரின் ஆராய்ச்சித் திறனை முழுமையாகக் காட்டாது என்பதற்கு இவர்கள் சாட்சி. சராசரி ஆய்வாளராக நல்ல வேலை செய்யவும் நமக்கு உரிமை இருக்கிறது.

ஆறாம் படி: வைவா (வாய்மொழித் தேர்வு)

பயப்பட வேண்டிய இடம் இதுவல்ல. இத்தனை ஆண்டு எழுத்தில் பட்ட பாடு முடிந்து, நம் களத்துக்கு வந்துவிட்டோம். தேர்வாளர்களின் அறிக்கைகள் கைக்கு வந்ததும் குரலில் கேட்டு, ஒவ்வொரு கேள்விக்கும் விடையை வாயால் சொல்லிப் பழகுங்கள். ஸ்லைடில் வரி வரியாக எழுதி அதைப் படிக்க முயலாதீர்கள். மேடையில் நின்றுகொண்டு படிப்பதுதான் நமக்கு மிகக் கடினம். படம், வரைபடம், இரண்டு மூன்று சொல் போதும். நீளமான கேள்வி வந்தால், “நீங்கள் கேட்டது இதுதானே?” என்று சுருக்கித் திருப்பிக் கேளுங்கள், யோசிக்க நேரம் கிடைக்கும். ஆய்வேட்டின் முக்கியப் பக்கங்களில் வண்ண ஒட்டுத்தாள் வையுங்கள். எல்லோர் முன்னிலும் பக்கம் புரட்டித் தேடும் பதற்றம் இருக்காது.

ஏழாம் படி: படைப்புத் துறையில் நிற்பது

பாரிஸில் உள்ள பாம்பிடு கலை மையத்தை ரென்சோ பியானோவோடு சேர்ந்து வடிவமைத்த கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் ரோஜர்ஸ் டிஸ்லெக்சியா இருந்தவர். அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆக்டேவியா பட்லரும் அப்படியே. எழுத்துக்கூட்டலில் தடுமாறுகிறவர் நாவல் எழுதலாமா என்று கேட்பவர்களிடம் நான் பட்லரைத்தான் சொல்வேன். கதை மனதில் உருவாவது எழுத்துக்கூட்டலால் அல்ல.

தமிழ்ச் சூழலில் நமக்குச் சாதகமான ஒன்று இருக்கிறது. தமிழ் சினிமாவில் தயாரிப்பாளரிடமும் நடிகரிடமும் ‘கதை சொல்வது’தான் இன்றும் வழக்கம். உட்கார்ந்து, பார்த்து, இரண்டு மணி நேரம் சொல்ல வேண்டும். எழுதப்பட்ட திரைக்கதையை விரித்துவைத்துப் பேசுகிறவர்களைவிட, காட்சியைக் கண்முன் கொண்டுவந்து சொல்லத் தெரிந்தவருக்கு அங்கே மரியாதை அதிகம். திரைத்துறைக்குப் போக விரும்புகிறவர்கள் சொல்லும் கலையை வளர்த்துக்கொள்ளுங்கள். வசனத்தை எழுதி வடிவமைக்க ஓர் உதவி இயக்குநர் நண்பர் கிடைப்பார். காட்சிகளை ஸ்டோரிபோர்டாக வரைந்துவைத்தால் இன்னும் நல்லது.

சிறுகதை, கவிதை எழுதுகிறவர்கள், இதழுக்கு அனுப்பும் முன் நம்பிக்கையான ஒரு வாசகரிடம் கொடுத்துப் பிழை பார்த்துக்கொள்ளுங்கள். பிழையோடு வரும் பிரதியைப் படிக்காமலே ஒதுக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள்; அதில் கோபப்பட்டுப் பயனில்லை. ஓவியர்களுக்கும் வடிவமைப்பாளர்களுக்கும் தலைவலி, கண்காட்சிக் குறிப்பும் நிதியுதவி விண்ணப்பமும். ஒருமுறை நன்றாகப் பேசிப் பதிவு செய்து, நண்பரைக் கொண்டு எழுதி வாங்கிய ஒரு பக்கம் இருந்தால், இடத்துக்குத் தகுந்தபடி கூட்டிக் குறைத்துப் பல ஆண்டு பயன்படுத்தலாம்.

ஒப்பந்தத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பதிப்பகமோ தயாரிப்பு நிறுவனமோ தாளை நீட்டி ‘இங்கே கையெழுத்துப் போடுங்க’ என்றால், “வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பார்த்துட்டுத் தரேன்” என்று சொல்லுங்கள். எல்லோர் முன்னாலும் மெதுவாகப் படிக்கக் கூச்சப்பட்டு, படிக்காமலே கையெழுத்திட்டவர்கள் நம்மில் நிறையப் பேர். வழக்கறிஞர் நண்பர் ஒருவரை வரி வரியாகப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். பதிப்புரிமை யாருக்கு, எத்தனை ஆண்டுக்கு, ஒலிநூல் உரிமை, மொழிபெயர்ப்பு உரிமை யாரிடம் என்ற நான்கையும் கேட்டுத் தெளிந்த பிறகு பேனாவை எடுங்கள்.

எட்டாம் படி: வேலையில் சேர்ந்த பிறகு

அரசுப் பணிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீதத்தில், கற்றல் குறைபாட்டையும் உள்ளடக்கிய தொகுதிக்கு 1 சதவீதம் இருக்கிறது. ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும்போது எந்தெந்தப் பணியிடங்கள் அந்தத் தொகுதிக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன என்று அறிவிக்கையில் பாருங்கள்.

கரும்பலகையில் எழுதும்போது பிழை வரும். முதல் வகுப்பிலேயே மாணவர்களிடம், “நான் போர்டில் தப்பாக எழுதினால் சொல்லுங்கள்” என்று இயல்பாகச் சொல்லிவிடுங்கள். அவர்களும் கவனிப்பார்கள், அந்த வகுப்பில் நம்மைப் போல ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தால் அதற்கு அன்றைக்கே மூச்சு வரும். வருகைப் பதிவேட்டில் ஒரே மாதிரி தொடங்கும் பெயர்களைத் தவறாகக் கூப்பிடுவதைத் தவிர்க்க, பதிவு எண்ணைச் சொல்லிக் கூப்பிடலாம். கூட்டங்களுக்கான குறிப்புகளை முதல் நாளே மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். இரவு காதால் கேட்டுவிட்டுப் போகலாம்.

விடைத்தாள் திருத்தும் முகாம்தான் மிகக் கடினமானது. பல கையெழுத்து, கட்டுக் கட்டாகத் தாள், நேரக் கணக்கு. முகாம் தொடங்குமுன்பே பொறுப்பாளரிடம் சான்றிதழைக் காட்டி, ஒரு வேளைக்குத் தரும் தாள்களைக் குறைத்துக் கேளுங்கள். விடைக்குறிப்பை முன்கூட்டியே வாங்கி மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரு தாளை முழுதும் திருத்துவதற்குப் பதிலாக, எல்லாத் தாளிலும் முதல் கேள்வி, பிறகு எல்லாத் தாளிலும் இரண்டாம் கேள்வி என்று போனால் விடையின் போக்கு பழகிவிடும், கண்ணும் அவ்வளவு களைக்காது. மதிப்பெண்ணைக் கூட்டி மேல்பக்கத்தில் எழுதியதும், பக்கத்தில் இருக்கும் சக ஆசிரியரிடம் எண்களை வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். 69 என்பது 96 ஆனால் ஒரு மாணவரின் பட்டமே மாறிவிடும்.